வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் காசு வகுப்பு: எதிலிருந்து தொடங்கலாம்?

கொட்டாஞ்சேனை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவள். எங்கள் ஆலயத்து சிஸ்டர் ஒருவர் என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் கூடுகிற பெண்களுக்குக் "காசு விஷயம்" கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். வருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. குவைத்துக்கோ சவூதிக்கோ போகப் பேப்பர் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் சிலர், போய் வந்து, கையில் ஒன்றும் மிஞ்சாமல், மறுபடி போவோமா என்று யோசிக்கிறவர்கள் சிலர். இரண்டு பேர் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து வெள்ளவத்தை ஃபிளாட்களில் வீட்டு வேலை செய்கிறவர்கள். சிலருக்கு வாசிக்கத் தெரியும், எழுதக் கை வராது.

இணையத்தில் தேடினால் சிங்கப்பூரில் 2006 இல் தொடங்கிய ஐடா, ஹொங்கொங்கில் 2007 இல் தொடங்கிய என்ரிச் என்று இரண்டு அமைப்புகள் முதலில் வருகின்றன. வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்களை ஞாயிறுகளில் உட்காரவைத்து, பட்ஜெட் போடுவது, சேமிப்பது, ஊருக்குத் திரும்பியதும் சின்னத் தொழில் தொடங்குவது வரை படிப்பிக்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் போன ஞாயிறு சும்மா கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "டீச்சர், மாசச் செலவை எழுதுங்கன்னு சொல்லுவீங்க. செலவு பண்றது நான் இல்லையே, நான் அங்க இருப்பேன். யாரை எழுதச் சொல்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. நாலைந்து பின்னேரங்கள்தான் கிடைக்கும், அதற்குள் சிலர் பிளைட் ஏறிவிடுவார்கள். எதைச் சொல்ல, எதை விட? போய் வந்தவர்கள், அந்தக் காசில் வளர்ந்தவர்கள், பேங்கில் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "சேமிப்பு நல்ல பழக்கம்" மாதிரிப் பதில் வேண்டாம், ப்ளீஸ்.

மட்டக்குளி அக்கா எழுதியது:

டீச்சர், அந்த அக்கா கேட்டதுதான் பாடமே. சேமிக்கத் தெரியாமல் யாரும் குவைத்துக்குப் போவதில்லை. அங்கே நாங்கள் ஒரு சோப்புக்கட்டியை எவ்வளவு நாள் இழுப்போம் என்று தெரியுமா? காசு ஓடுவது இந்தப் பக்கத்தில்.

நானும் குவைத்தில் பல வருஷம் இருந்து வந்தவள். பிளைட் ஏற முதல் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன், ஏறினபிறகு செய்ய ஏலாது. வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, தன் பெயரில் மட்டும் இன்னொரு கணக்கு. இது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. கணக்குத் திறக்கும்போது பேங்கில் ஒரு போன் நம்பர் கொடுக்கிறோம் இல்லையா, அந்த சிம் எங்கே இருக்கிறது? அநேகமாக வீட்டில், புருஷனுடைய போனுக்குள். காசு விழுந்ததும் மெசேஜ் அவருக்குப் போகும், ஒன்லைனில் எடுக்கக் கேட்கிற இரகசிய இலக்கமும் அவருக்குத்தான் போகும். கார்டும் அலுமாரியில். அப்புறம் கணக்கு உங்கள் பெயரில் இருந்து என்ன, இல்லாமல் என்ன! அந்த சிம்மை ரோமிங் போட்டுக் கூடவே கொண்டுபோகட்டும், இல்லாவிட்டால் நம்பிக்கையான தங்கச்சியோ அம்மாவோ வைத்திருக்கட்டும். கார்டைக் கையோடு கொண்டுபோகலாம், சின்னப் பொருள்தானே.

அடுத்தது முதல் சம்பளம். முதல் மாசம் ஆசையில் முழுச் சம்பளத்தையும் அனுப்புவோம். அன்றைக்கு எவ்வளவு அனுப்பினோமோ அதுதான் வீட்டார் கணக்கில் நமது சம்பளம். ஆறாம் மாசம் அதில் பத்தாயிரம் குறைந்தால், "யாருக்கு அனுப்பினாய்" என்று சண்டை. அதனால் முதல் மாசமே குறைத்து அனுப்பச் சொல்லுங்கள். கொடூரமாகத் தெரியும். பரவாயில்லை.

ஏஜென்சி கொடுக்கிற முற்பணத்தையும் பற்றிக் கதையுங்கள். போகிறவளுக்கென்று தருகிற காசு அது, அவள் எயார்போர்ட் போகும்போது அதில் ஒரு சதம் மிஞ்சியிருக்காது. அதை வாங்கியதாலேயே, அங்கே அடித்தாலும் திரும்பி வர ஏலாமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். "நீ வேலையை விட்டுப் போனால் காசைத் திருப்பிக் கட்டு" என்பார்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் எழுதியது:

பேங்கில் வேலை. எந்தப் பேங்க் என்று கேட்காதீர்கள்.

மட்டக்குளி அக்கா சொன்ன சிம் விஷயம் நூற்றுக்கு நூறு. நாங்கள் கவுண்டரில் இதைக் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும். அதோடு பெயரைப் பாருங்கள். அடையாள அட்டையில் முதலெழுத்து ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் முழுப்பெயர் வேறு மாதிரி, பேங்க் புத்தகத்தில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றின பெயர். அங்கே காசு அனுப்புகிற கடையில் கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். பெயர் பொருந்தாவிட்டால் காசு நடுவில் நின்றுவிடும், அவள் அங்கிருந்து யாரைக் கூப்பிட்டுக் கேட்பாள்? கணக்கைக் கடவுச்சீட்டுப் பெயரிலேயே திறந்தால் இந்த வம்பு இல்லை.

வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பழைய ஆட்கள் என்.ஆர்.எஃப்.சி. என்று சொல்வார்கள். 2017 ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டம் வந்தபிறகு அது தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று ஆகிவிட்டது. வட்டி ரூபாய்க் கணக்கைவிடக் குறைவுதான். ஆனால் 2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் சொச்சம், மே மாதம் 360. ரூபாயில் போட்டு வைத்திருந்தவளுடைய நாலு வருஷ உழைப்பு அந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு கரைந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக் காட்டலாம், கணக்கீட்டு டீச்சர்தானே. எல்லாவற்றையும் டொலரில் வை என்று சொல்லவில்லை. வீடு கட்டுகிற காசு, பிள்ளையின் படிப்புக் காசு மாதிரி சில வருஷம் தொடாத காசில் ஒரு பகுதி போதும்.

உண்டியல் பற்றிக் கேட்பார்கள், அதுதான் பேங்க் வழியாகப் போகாமல் ஆள் மூலம் காசு அனுப்புவது, தயாராகப் போங்கள். 2021 கடைசியில் பேங்க் ரேட்டைவிட உண்டியலில் நல்லா கூடக் கிடைத்தது, எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். 2020 இல் 7.1 பில்லியன் டொலர் வந்த நாட்டுக்கு 2022 இல் 3.8 பில்லியன்தான் பேங்க் வழியாக வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது, கஷ்டப்பட்ட காசுக்குக் கூட விலை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? ஆனால் உண்டியலில் வருகிற காசு அநேகமாகப் பையில் போட்டு வீட்டு வாசலில் கொடுக்கிற காசு. யார் கையில் கொடுத்தார்கள், எவ்வளவு என்று ஒரு துண்டுப் பேப்பர் கிடையாது. நாளைக்கு "இந்தக் காணி என் காசில் வாங்கினது" என்று அவள் சொன்னால் நிரூபிக்க ஒன்றும் இருக்காது. நாட்டுக்கு டொலர் வேண்டும் என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை, இதைச் சொல்லுங்கள், விளங்கும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வைப்புக் காப்புறுதி (பேங்க் முறிந்தால் திருப்பிக் கிடைக்கிற காசு) ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைக்கும்தான், அதற்கு மேல் சேர்ந்தால் பிரித்துப் போடலாம். வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து பத்து வீதம் வரி பிடிக்கிறோம். வருஷ வருமானம் 18 லட்சத்துக்குக் குறைந்தவர்கள் ஒரு பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்க மாட்டோம், ஆனால் கேட்டால்தான் தருவோம் (எங்கள் குணம் அப்படி).

தெமட்டகொட நானா எழுதியது:

எல்லாம் நல்ல கதைதான். ஆனால் எனக்கு இந்த "நிதிக் கல்வி" என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் எரிச்சல் வரும். சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்கிறவனுக்கு வகுப்பு இல்லை, சம்பளத்தை மூன்று மாசம் பிடித்து வைக்கிறவனுக்கு வகுப்பு இல்லை, வாங்குகிற பொம்பளைக்குத்தான் எப்பவும் வகுப்பு.

சிங்கப்பூரைச் சொன்னீர்கள் டீச்சர். அங்கே அந்த வகுப்பு நடப்பதற்குக் காரணம் பாடத்திட்டம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. 2013 இலிருந்து அங்கே வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டத்தில் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று ஒரு ஓட்டை இருந்தது, 2023 தொடக்கத்திலிருந்து மாசத்தில் ஒரு நாளையாவது காசுக்கு விற்க முடியாது என்று ஆக்கினார்கள். வெளியே வரலாம், உட்காரலாம், கூட்டாளிமாரோடு கதைக்கலாம். குவைத்திலும் சட்டம் இருக்கிறது, 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம், அதிலும் வார ஓய்வு எழுதியிருக்கிறது. ஆனால் கேட் திறந்தால்தானே ஓய்வு?

ஆகவே உங்கள் வகுப்பில் அரைவாசியை உரிமைக்குக் கொடுங்கள், அதுவும் காசுதான். அதே குவைத் சட்டத்தில் ஒப்பந்தம் முடியும்போது வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாசச் சம்பளம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கத்தாரில் வருஷத்துக்கு மூன்று வாரச் சம்பளம். குவைத்தில் நாலு வருஷம் இருந்துவிட்டு வருகிறவள் "டிக்கட் போட்டுக் கொடுத்தாங்க, நல்ல மெடம்" என்று சந்தோஷமாக வருவாள், நாலு மாசச் சம்பளத்தை அங்கே விட்டுவிட்டு. பட்ஜெட் கொப்பியில் மிச்சம் பிடித்து அந்தத் தொகையைச் சேர்க்க எவ்வளவு காலம் ஆகும்?

ஒப்பந்தத்தை ஒருமுறையாவது தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஏஜென்சியில் சைன் வாங்குகிற வேகத்தில் யாரும் வாசிப்பதில்லை. போனில் ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கட்டும், வீட்டிலும் ஒரு கொப்பி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்று ஒருவன் வந்தால் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். 2022 கடைசியில் ஓமானில் மாட்டிக்கொண்ட பெண்களின் கதை பத்திரிகையில் வந்ததே, அந்த வழி. பதிந்து போனால் காப்புறுதியாவது உண்டு. இரண்டு வருஷம் முடிந்தால் புதுப்பிக்கவும் வேண்டும், அதை மறந்துவிடுவார்கள். பிரச்சினை என்றால் பணியகத்துக்கு 1989.

வெள்ளவத்தை ஃபிளாட்டில் வேலை செய்கிற இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களும் ஊர் விட்டு வந்தவர்கள்தான், கடல் தாண்டவில்லை, அவ்வளவுதான். இந்த நாட்டில் வீட்டு வேலைக்காரரைப் பற்றி இருக்கிற தனிச் சட்டம் 1871 ஆம் ஆண்டுச் சட்டம், அதுவும் அவர்களைப் பதிவு செய்வதற்கு. மாசாமாசம் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிற வீட்டை நான் கொழும்பில் இன்னும் பார்க்கவில்லை. இந்தக் குழுமத்திலேயே வீட்டில் ஆள் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

மூத்த மகள் எழுதியது:

நானா சொல்வது சரி, ஆனால் சட்டம் திருந்தும் வரைக்கும் காசு வந்துகொண்டுதான் இருக்கும், போய்க்கொண்டும் இருக்கும்.

என் அம்மா நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் முதலில் லெபனான், பிறகு சவூதி. காசு வாங்குகிற பக்கத்தில் இருந்தவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்: அப்பா குடிகாரர் இல்லை, சூதாடவும் இல்லை, நல்ல மனுஷன். அப்படியிருந்தும் காசு நிற்கவில்லை. ஏன்? வெளிநாட்டுக் காசு வருகிற வீடு என்று ஊருக்கே தெரியும். மாமாவின் ஓட்டோ லீசிங் இரண்டு மாசம் தவறிவிட்டது, சித்தியின் மகளுக்குச் சாமத்திய வீடு, பக்கத்து வீட்டில் நகை அடகில் மூழ்கப் போகிறது. "அவ அங்க உழைக்கிறாதானே" என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. எழுதி வைக்கிற பழக்கமும் இல்லை, கொடுத்தது யாருக்கு எவ்வளவு என்று அம்மா வந்து கேட்டபோது அவருக்கே தெரியவில்லை. வீடு அத்திவாரத்தோடு நின்றது.

பிறகு அம்மா மறுபடி போகும்போது, பேங்க் புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனா. நான் சி.ஆர். கொப்பி ஒன்றில் எழுதத் தொடங்கினேன். இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது, யாருக்காவது கொடுத்தால் சிவப்புப் பேனை. மாசக் கடைசியில் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவேன். அம்மாவுக்கு வாசிக்க நேரமிருக்காது, ஆனால் சிவப்பு எவ்வளவு என்று பார்ப்பா. அதைவிட, யாராவது கடன் கேட்டு வந்தால் அப்பா "பிள்ளை எழுதி வைக்குது, அவ பார்ப்பா" என்று சொல்லித் தப்பிக்கப் பழகிவிட்டார்! கூரை அந்த முறைதான் ஏறியது.

அதனால் டீச்சர், உங்கள் வகுப்புக்குப் போகிறவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். காசு யார் கையில் வந்து விழுமோ அவர்களைக் கூப்பிடுங்கள். புருஷன் என்றால் புருஷன், அம்மா என்றால் அம்மா, வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால் கட்டாயம் அந்தப் பிள்ளை. "யாரை எழுதச் சொல்றது" என்று கேட்டாரே, அவருக்குப் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டரிடம் கதைத்தேன். ஒரு பின்னேரம் ஒப்பந்தம், ஒரு பின்னேரம் பேங்க் கணக்கு, மற்றதெல்லாம் வீட்டாரோடு சேர்ந்து என்று யோசிக்கிறோம். ஆனால் ஆம்பிளைகள் வருவார்களா? "காசு வகுப்பு" என்றால் தங்களை விசாரிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார்கள் என்று சிஸ்டர் பயப்படுகிறா. இன்னொன்று, சீட்டு. அங்கேயும் சீட்டுப் பிடிக்கிறார்களாமே, வேண்டாம் என்று சொல்லவா?

மட்டக்குளி அக்கா எழுதியது:

சீட்டை வேண்டாம் என்று சொன்னால் உங்களைத்தான் வேண்டாம் என்பார்கள். என் மகளின் கொமர்ஸ் டியூஷன் காசு சீட்டில் வந்ததுதான். பிடிக்கிற ஆள் யார், எத்தனை பேர், தன் முறை எப்போது என்று தெரிந்து போடட்டும். முகம் தெரியாத வட்ஸ்அப் சீட்டு, "ஆள் சேர்த்தால் கொமிஷன்" என்கிற கம்பனிக் கதை, இரண்டையும் மட்டும் கிட்ட எடுக்க வேண்டாம் என்று அடித்துச் சொல்லுங்கள். ஆள் சேர்க்கிற பிரமிட் திட்டம் இந்த நாட்டில் சட்டப்படியே தடை.

ஆம்பிளைகளுக்கு வகுப்பு என்று சொல்லாதீர்கள். "வீட்டுக் கடன் எடுப்பது எப்படி" என்று போர்டில் எழுதுங்கள், வருவார்கள். பிளேன்டீயும் வேண்டும். அப்படியும் வராத ஆளை விடுங்கள். வர மாட்டேன் என்கிறவரிடம் காசு அனுப்பலாமா என்று மனுசிக்கு அங்கேயே விளங்கிவிடும். போனபிறகும் தொடர்பு வைக்க வேண்டுமென்றால் வட்ஸ்அப்பில் குரல் மெசேஜ் அனுப்புங்கள், எழுத்து வேண்டாம். ராத்திரி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே காதில் போட்டுக் கேட்பார்கள், இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாமல் பாருங்கள்.

தெமட்டகொட நானா எழுதியது:

போர்டில் அப்படியே போடுங்கள், நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒப்பந்தப் பின்னேரத்துக்கும் அதே ஆம்பிளைகளைக் கூப்பிடுங்கள். அங்கே சம்பளம் வராத மாசத்தில் பணியகத்துக்கு அலையப்போகிறது அவர்கள்தான். பிரதேச செயலகத்திலும் இதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார், முதலில் அங்கே போகலாம் என்று சொல்லி வையுங்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் எழுதியது:

வீட்டுக் கடன் என்று போர்டில் போட்டால் அதைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டும், அதற்கு நான் வருகிறேன். ஞாயிறு எனக்கு லீவுதான்.

டீச்சர், எழுதக் கை வராதவர்கள் சிலர் என்றீர்கள். கைநாட்டு வைத்தும் கணக்குத் திறக்கலாம், ஆனால் பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரில் வா, சாட்சி கொண்டு வா என்று இழுபடும், குவைத்திலிருந்து எப்படி வருவது? ஆகவே முதல் பின்னேரம் வேறு ஒன்றும் வேண்டாம். ஆளுக்கொரு பேப்பரும் பேனையும் கொடுத்து, கையொப்பம் போடப் பழக்குங்கள். சின்னதாக, இலேசாக, எப்பவும் ஒரே மாதிரி வருகிற கையொப்பம். கடவுச்சீட்டில் ஏற்கெனவே போட்டிருந்தால் அதைத் திறந்து பக்கத்தில் வைத்து அப்படியே பழகட்டும். பிறகு கிழமை நாளில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பிராஞ்சுக்கு வாருங்கள். சம்பள நாளும் பென்ஷன் நாளும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வாருங்கள், அடையாள அட்டை, கடவுச்சீட்டு இரண்டிலும் கொப்பி எடுத்துக்கொண்டு.